சனிக்கிழமைத் தபால்

சுவாமி,

போன கிழமை உங்கள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. என் வீட்டுத் தபால்பெட்டிக்குத்தான். உங்கள் கட்டடத்தில் பெட்டிக் கதவு பூட்டாது என்று சொல்லி நூலகத்துக்கு என் விலாசத்தைக் கொடுத்து வைத்தீர்கள் அல்லவா, அதன் பலன். செத்த மனிதருக்குக் கடிதம் வந்தால் உடைக்கலாமோ என்று என் மனைவி கேட்டாள். நான் உடைத்தேன். இத்தாலியிலிருந்து நீங்கள் கேட்டிருந்த பிரதிகள் வந்துவிட்டனவாம். நான்கு கிழமைக்குள் வாசிப்பறைக்கு வந்து பார்க்கலாமாம். எத்தனை மாதம் காத்திருந்தீர்கள்! "வரும் ஐசே, றோமாபுரிக் காரியம் ஆறுதலாத்தான் வரும்" என்று என்னைச் சமாதானப்படுத்துவது போல உங்களையே சமாதானப்படுத்திக்கொள்வீர்கள். நீங்கள் போய் எட்டு மாதம் கழித்து வந்து சேர்ந்திருக்கிறது.

இன்று போய்ப் பார்த்தேன். மேசையில் நீங்கள் சொல்லும் அந்த அம்மாதான், கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருப்பவர். "அந்த ஐயா வரவில்லையா?" என்று கேட்டார். சொன்னேன். எழும்பி உள்ளே போனார். பிறகு, உங்கள் பெயருக்கு வந்ததை எனக்குக் காட்டக்கூடாது என்ற சட்டத்தை அவரே மறந்துவிட்டவர் மாதிரி, பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். திறந்தேன். புதுப் பிரதிகளின் மை மணம் குப்பென்று வந்தது. உங்கள் சட்டையில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் இருக்கும் மணம். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. ஒரு சொல் விளங்கவில்லை. அரை மணித்தியாலம் அதைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு எழும்பி வந்தேன்.

உங்களுடைய ஆயர் என்ன ஆனார் என்று அதிலே இருக்கும். வாசித்துச் சொல்லத்தான் நீங்கள் இல்லை.

அந்த மனிதரோடு உங்களுக்கு எப்படிச் சகவாசம் வந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் சிரிப்பு வரும். ரைன் நதிக்கரைக் கேள்ன் நகரத்தில், ஒரு மருத்துவமனைச் சமையலறையில் நாங்கள் இரண்டு பேரும் வேலை. சாப்பாட்டுத் தட்டுகள் ஓடும் பட்டியின் தலைப்பில் நீங்கள் நின்று எந்த நோயாளிக்கு எந்தச் சாப்பாடு என்ற அட்டைகளை வாசிப்பீர்கள். நான் கடைசியில், தட்டுக் கழுவும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்பேன். யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கக் குருமடத்தில் ஏழு வருடம் படித்து, குருப்பட்டம் வாங்காமல் வெளியே வந்தவர் நீங்கள். ஆனபடியால் எங்களுக்கெல்லாம் நீங்கள் சுவாமி. முருகன் கோயிலுக்குப் போகிற நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

"ஏழு வருசம் லத்தீன் படிச்சு என்னத்தைக் கண்டீங்கள் சுவாமி?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"மருந்துப் போத்தல்ல உள்ள பேர் விளங்குது" என்றீர்கள்.

பிறகு அந்த மழை நாள். டிராமுக்கு நிற்க முடியாமல் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பழைய தேவாலயத்துக்குள் ஒதுங்கினீர்கள். சுவரிலே எங்கள் சாப்பாட்டுத் தட்டு அளவில் லத்தீன் எழுத்து வெட்டிய ஒரு கல். நூற்றாண்டுக் கணக்கில் அதைத் தாண்டி நடந்தவர்களில் எத்தனை பேர் நின்று வாசித்தார்களோ தெரியாது. நீங்கள் வாசித்தீர்கள். மறுநாள் பட்டி ஓடத் தொடங்குவதற்கு முன்னமே என்னைத் தேடி ஓடிவந்தீர்கள்.

"ஐசே, பாப்பரசரின்ர தூதுவர், ஒரு மேற்றிராணியார், ஆயர்தான், இஞ்ச வந்திருந்தவர். அவரோட வந்த குசினிக்காரன், எங்களை மாதிரிச் சமையல்காரன், காய்ச்சல்ல செத்துப் போனான். அவனுக்கு இவர் கல் வைச்சிருக்கிறார். பேர் வெட்டி, ஊர் வெட்டி! எங்கட சமையலறைப் பெரியவர் எங்களுக்கு இருக்க ஒரு கதிரை வைப்பாரோ?"

"கதிரையோ? தண்ணி குடிக்க விடுறானோ அவன்!"

"அப்ப இந்த மேற்றிராணியார் ஆரெண்டு பாக்கத்தானே வேணும்."

பார்க்கத் தொடங்கினவர் ஆறு வருடம் பார்த்தீர்கள். லீவு நாட்கள் முழுக்க நூலகம். அங்கே முதலில் உங்களைத் துப்புரவு செய்ய வந்தவர் என்று நினைத்து வாளி இருக்கும் அறையைக் காட்டினார்களாம். நீங்கள் கோபிக்கவில்லை. அந்த அறையில் கைகழுவிவிட்டு வந்து, புத்தகத்தைக் கேட்டு வாங்கினீர்களாம். நானென்றால் வாளியைத் தூக்கி எறிந்திருப்பேன்.

நீங்கள் தமிழில் எழுதினீர்கள். நான் கணினியில் அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் எழுதின கொப்பியோடு வருவீர்கள். விசைப்பலகையில் நான் தமிழ் எழுத்துகளை வெட்டி ஒட்டி வைத்திருந்தேன். 'ற' எப்போதும் கழன்று விழும். இப்படித்தான் எனக்கு அந்த ஆயரின் வாழ்க்கை வரி வரியாகத் தெரியவந்தது. இத்தாலியில் ஒரு மலையூரில் இரண்டாவது மகன். காணி மூத்தவனுக்குப் போனதால் இவரைச் சட்டம் படிக்க அனுப்பினார்கள். பாப்பரசர் ஆண்ட ஊர்களில் நீதவானாக இருந்தார். கெட்டிக்காரன் என்று பெயர் வந்தது. தெற்கில் ஓர் ஏழை மறைமாவட்டத்துக்கு ஆயராக்கினார்கள். அங்கே ஒரு கோடைகாலம்தான் இருந்தார். பிறகு தூதுவராக இந்த ரைன் நதிக்கரைக்கு. ஏழு வருடம். இங்கத்தைய பாண் ரொட்டி கல் மாதிரி இருக்கிறது, மழை விடாது, கணுக்கால் வலிக்கிறது என்று றோமாபுரிக்கு எழுதியிருக்கிறார். அந்த இடத்தை அடிக்கும்போது, "மனுசன் எங்கட ஆள்தான்" என்று நான் ஒத்துக்கொண்டேன்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. கர்தினாலாக வேண்டும், சிவப்புத் தொப்பி வேண்டும். ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் அது எட்டிப் பார்க்கும் என்று சொன்னீர்கள். "எங்கட ஆக்கள் விசாவுக்கு எழுதின மாதிரித்தான் ஐசே. கேக்கவும் வேணும், கேக்காத மாதிரியும் இருக்கவேணும்."

என் கதைக்கு வருகிறேன். அது உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் எழுதினால்தான் எனக்கு ஆறும்.

இரண்டாயிரமாம் ஆண்டு எனக்கு நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்தார்கள். அடுத்த கிழமை ஊரில் அம்மா போய்விட்டார். அங்கே சண்டை. யாரும் போக வழியில்லை. செய்தி ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் என் தம்பிக்குத்தான் வந்தது. அவன் எனக்குச் சொல்லவில்லை. நோயில் கிடக்கும் வருத்தக்காரனுக்கு மரணச் செய்தி சொல்லக்கூடாது, தாங்கமாட்டான் என்று எங்கள் ஆட்களுக்கு ஓர் எண்ணம். சோதனை எழுதுகிற பிள்ளைக்குச் சொல்லமாட்டார்கள். பிள்ளை பெறப்போகிறவளுக்குச் சொல்லமாட்டார்கள். முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை எனக்கும் சொல்லவில்லை. என் மனைவிக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் குளியலறைக்குள் போய் அழுதிருக்கிறாள்.

அந்த முப்பத்தொரு நாளுக்குள் என் மகளின் பிறந்தநாள் வந்தது. உயிர் தப்பி வந்த சந்தோசத்தில் நான் கேக் வெட்டி, பாட்டுப் போட்டு, கோழிக்கறியோடு ஆட்களைக் கூப்பிட்டுச் சாப்பிட்டேன். அம்மா போய்ப் பதினாலாம் நாள். தம்பி தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணை, மருமகளுக்கு என்ர வாழ்த்தைச் சொல்லுங்கோ" என்றான். பின்னால் பாட்டுச் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும். கேட்டுக்கொண்டே சொன்னான்.

மனைவியை மன்னித்தேன். சோறு வேண்டுமே. தம்பியை மன்னிக்க முடியவில்லை. நாலு வருடம் அவன் குரல் கேட்காமல் இருந்தேன். அவன் கூப்பிட்டால் வைப்பேன். பிறகு அவனும் ரோசக்காரன், கூப்பிடுவதை விட்டான்.

நீங்கள் எண்பதுகளில் அவனோடு ஒரே அகதிகள் ஹைம் விடுதியில், ஒரே அறையில் இருந்தவர். அவனுக்கும் நீங்கள் சுவாமி. என்றாலும் நாலு வருடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரில் சமாதானப் பேச்சு நடந்த காலம் அது. எந்த வீட்டுக்குப் போனாலும் அதே கதை. ஒருநாள் தட்டச்சு செய்துகொண்டே நானும் ஏதோ பெரிய அரசியல் பேசினேன். "பேசினால்தானே தீரும்" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் கொப்பியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உம்மட தம்பிக்கு ஏதும் சொல்ல இருக்கோ ஐசே?"

எனக்கு வந்த கோபம்! "இருக்கு. அவனைச் செத்தவன் எண்டு நினைச்சிட்டன் எண்டு சொல்லுங்கோ."

நீங்கள் ஒரு துண்டுக் கடதாசி எடுத்து அதை அப்படியே எழுதினீர்கள். மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தீர்கள். "சனிக்கிழமைத் தபாலில போகும்" என்றீர்கள்.

அது ஆயரின் வழக்கம். இங்கத்தைய பிரபுவான பேராயரும் அவருக்குக் கீழிருந்த குருமாரும், ஒரு மடத்துக்கு யார் தலைவர் என்பதில் சண்டை பிடித்துக்கொண்டு, ஒரே அறைக்குள் இருக்கமாட்டோம் என்று நின்றார்கள். ஆயர் வீட்டுக்கு ஒரு பகுதி தோட்டத்து வாசலால் வரும், மற்றப் பகுதி தெருவாசலால் வரும். யார் எவ்வளவு கொதித்துக்கொண்டு வந்து சொன்னாலும் எழுதிக்கொள்வார். அன்றைக்கே கொண்டுபோகமாட்டார். றோமாபுரித் தபால் சனிக்கிழமை போகிறது, இதுவும் அன்றைக்குத்தான் போகும், வெள்ளிக்கிழமை வந்து சரிபாருங்கள் என்பார். பக்கத்துத் தெருவுக்குப் போகிற செய்திக்கும் அதே சட்டம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் உடுப்பு மாற்றும் அறையில் அந்தத் துண்டை எடுத்து நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். குரலை உயர்த்தாமல், நோயாளியின் அட்டையை வாசிப்பது போல. "அனுப்பட்டோ?" என்று கேட்டீர்கள். என் சொல்லை இன்னொருவர் வாயால் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. "செத்தவன்" என்பதை வெட்டச் சொன்னேன். அதை வெட்டினால் மிச்சம் ஒன்றும் இல்லை. "அப்ப இந்தக் கிழமை தபால் இல்லை" என்று சொல்லிவிட்டு டிராமுக்குப் போய்விட்டீர்கள்.

இப்படியே இரண்டு வருடம். எத்தனை துண்டுகள்! "அம்மா கடைசியா என்ன கேட்டவா எண்டு அவனுக்குத் தெரியுமோ?" என்ற கேள்விதான் முதன்முதலாக ஒழுங்காகப் போன தபால். பதில் பதினைந்து நாளில் வந்தது. "உங்களைத்தான் கேட்டவா அண்ணை." வேலை இடத்தில், தட்டுகளுக்கு நடுவில் நின்று அழுதேன். நீங்கள் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டீர்கள், சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காதபடிக்கு.

ஒருமுறை எனக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்களே கொஞ்சம் இனிப்பாய் மாத்திச் சொல்லுங்கோவன் சுவாமி. எழுத்துக்காரன் தானே!"

"ஏலாது ஐசே."

"ஏன்? ஒரேயொரு சொல்தானே!"

அப்போதுதான் ஆயரின் பிழையைச் சொன்னீர்கள். அந்தக் கிழமை முழுக்க நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். ஏழாம் வருடம், கிழவனாகி, கணுக்கால் வீங்கி, சிவப்புத் தொப்பிக்குக் காலம் போகிறதே என்ற அவசரத்தில் அவர் ஒரேயொரு தடவை வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்காமல், குருமார் சொன்ன பதிலைத் தானே கொஞ்சம் மென்மையாக்கிப் பேராயரிடம் கொடுத்தார். இணங்குகிறார்கள் என்று பேராயர் நம்பினார். குருமார் தாங்கள் அப்படிச் சொல்லவேயில்லை என்றார்கள். ஏழு வருட வேலை ஒரு மத்தியானத்தில் கலைந்தது. அவரை றோமாபுரிக்குத் திருப்பிக் கூப்பிட்டார்கள். தொப்பி வேறொருவர் தலைக்குப் போனது. அவரை அந்தத் தெற்கத்தைய ஏழை மறைமாவட்டத்துக்கே அனுப்பினார்கள். அங்கே என்ன நடந்தது என்று அறியத்தான் நீங்கள் அந்தப் பிரதிகளைக் கேட்டு எழுதினீர்கள்.

"நல்ல மனுசன் ஐசே. குசினிக்காரனுக்குக் கல் வைச்ச மனுசன். நல்லதுக்குத்தான் மாத்தினவர். ஆனா மாத்தினதோட அது அவரின்ர சமாதானமாப் போச்சு, சண்டை பிடிச்சவையின்ர இல்லை. உமக்கும் தம்பிக்கும் என்ர சமாதானம் வேண்டாம்" என்றீர்கள்.

எனக்கு அப்போது அது பெரிய பிடிவாதமாகத்தான் பட்டது. இப்போதும் முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வசந்தகாலத்தில், ஒரு புதன்கிழமை, கடைசித் தபாலைத் தந்தேன். "அம்மாவின்ர திவசத்துக்கு இஞ்ச வரச்சொல்லுங்கோ. ரெண்டு பேரும் சேர்ந்து செய்வம்." நீங்கள் எழுதவில்லை. பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். பிறகு எழுதினீர்கள்.

"இப்பவே போன் எடுங்கோ சுவாமி. இதுக்கும் ஏன் சனிக்கிழமை?"

"கோபத்துக்கு ஒரு சட்டம், சந்தோசத்துக்கு ஒரு சட்டம் எண்டு வைக்க ஏலாது. வெள்ளி வாசிப்பம்." முகத்தில் ஒரு குறும்புச் சிரிப்பு. எதையோ ஒளித்து வைத்திருப்பவர் மாதிரி. ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது. கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, டிராம் தரிப்பிடத்தில், நின்ற நிலையிலேயே நீங்கள் விழுந்துவிட்டீர்கள். பட்டியின் தலைப்பில் அன்றைக்கு வேறொரு பெண் நின்று அட்டை வாசித்தாள். எனக்குக் காது கேட்கவில்லை.

அடக்கத்துக்குக் கனடாவிலிருந்து உங்கள் தங்கச்சி வந்திருந்தா. சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவில் இருந்த சிற்றாலயத்தில் எங்கள் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். வேலை இடத்துப் பெரியவரும் வந்திருந்தார். நான் இடப்பக்க வாங்குப் பலகையில் இருந்தேன். பாட்டுத் தொடங்கும்போது வலப்பக்கக் கதவால் தம்பி வந்தான். தலை நரைத்துவிட்டது சுவாமி. அப்பாவின் நடை. ஆறு வருடத்தில் இவ்வளவு நரைக்குமா ஒருவனுக்கு? என்னைக் கண்டான். வலப்பக்க வாங்கிலேயே இருந்துவிட்டான். நடுவில் உங்கள் பெட்டி.

பூசை முழுக்க எனக்கு ஒரே யோசனை. என் செய்தி அவனுக்குப் போகவில்லை. அவன் என்னை இன்னமும் பழைய கோபக்காரன் என்றுதான் நினைப்பான். ஸ்டுட்கார்ட் ரயிலில் ஏறிவிட்டால் முடிந்தது. இனிமேல் கொண்டுபோக ஆளில்லை. எழும்பு, எழும்பு என்று மனம் சொல்கிறது, நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு இருந்தேன். நெஞ்சைப் பிளந்தபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை.

பெட்டியைத் தூக்க ஆட்களைக் கூப்பிட்டார்கள். நான் எழும்பினேன். அவனும் எழும்பினான். இரண்டு பக்கத்திலும் முன் பிடி எங்களுக்கு வாய்த்தது. குழிவரைக்கும் பேசவில்லை. மண் போட்ட பிறகு, கையைத் தட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"சுவாமியிட்ட உனக்கு ஒரு சேதி குடுத்து விட்டனான்" என்றேன். "வந்ததோ?"

"இல்லை அண்ணை." அவன் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நானும் குடுத்தனான். செவ்வாய்க்கிழமை. உங்களுக்கு வந்ததோ?"

"இல்லை."

"சனிக்கிழமை எண்டு சொன்னவர்."

"எனக்கும் அப்பிடித்தான் சொன்னவர்."

நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம் சுவாமி. உங்கள் குழிக்குப் பக்கத்தில், உங்கள் தங்கச்சி பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டுச் சிரித்தோம். பிறகு அவன் அழத் தொடங்கிவிட்டான். "அந்தப் பிறந்தநாளுக்கு நான் போன் எடுத்திருக்கக்கூடாது அண்ணை. எடுக்காட்டி உங்களுக்குச் சந்தேகம் வந்திடும் எண்டு பயந்துபோய் எடுத்தனான். பாட்டுச் சத்தம் இப்பவும் என்ர காதுக்குள்ள கேக்குது. அதைத்தான் சொல்லிவிட்டனான்." நான் அவன் தோளைப் பிடித்தேன். என் செய்தியை என் வாயாலேயே சொன்னேன். வாசித்துக் காட்ட, வெட்ட, திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

அப்படியென்றால் புதன்கிழமை நான் உங்களிடம் சொன்னபோது அவனுடைய துண்டு ஏற்கெனவே உங்கள் சட்டைப்பைக்குள் இருந்திருக்கிறது. இரண்டு சமாதானத்தையும் ஒரே பைக்குள் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். நீர் ஒரு பொல்லாத மனுசன் ஐயா! அன்றைக்கே சொல்லியிருந்தால் நாங்கள் மூன்று பேரும் ஒரு மேசையில் இருந்து சாப்பிட்டிருப்போம். இந்தக் கோபம் எனக்கு உங்கள் மேல் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வாசித்துப் பார்க்கிறேன், குறையவில்லை.

திவசத்துக்குத் தம்பி வந்தான். அவனே வாழைக்காய் சீவினான், நான் பருப்பு வைத்தேன். சுவாமிக்கும் ஒரு இலை போடுவமோ, அவர் வேதக்காரர் ஆச்சே என்று கேட்டான். "அவர் குசினிக்காரன். சாப்பாட்டைப் பார்த்து மதம் கேக்கமாட்டார்" என்றேன். போட்டோம்.

இப்போது அவனும் நானும் கிழமைக்கு நாலு தரம் பேசுகிறோம். நேற்று அம்மாவின் பழைய படம் யாரிடம் இருப்பது என்று பெரிய வாய்ச்சண்டை. "நீங்கள் எப்பவும் இப்பிடித்தான்" என்று கத்தி வைத்துவிட்டான். பத்து நிமிடத்தில் திரும்ப எடுத்து, "சாப்பிட்டீங்களோ அண்ணை?" என்று கேட்டான். நடுவில் ஒருவரும் இல்லை, ஒரு கடதாசித் துண்டும் இல்லை. வைத்ததும் சந்தோசத்தில் யாருக்காவது சொல்லவேண்டும் போல இருந்தது. கை தன்பாட்டில் உங்கள் இலக்கத்தை அழுத்திவிட்டது.

சண்டை பிடிக்க எனக்குத் தம்பி இருக்கிறான், சுவாமி. அதை உங்களுக்குச் சொல்லத்தான் வழி இல்லை.